மணலில் வழிவிடாதவள்

ஹெட்விக்குக்கு நாற்பத்து நான்கு வயது. ஆர்டோய ஊருக்கு வெளியே இருக்கும் உறைந்த காய்கறித் தொழிற்சாலையில் வேலை. வாரம் ஐந்து நாளும் ஓடும் பட்டையின் முன்னால் நின்று, வழுக்கிக்கொண்டு போகும் குட்டிக் கோஸ்களில் பழுத்ததையும் புழு விழுந்ததையும் பொறுக்கி எறிவாள். குளிர்காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில் சேற்றில் சைக்கிள் பந்தயம் ஓட்டுவாள்.

பெரிய பந்தயமெல்லாம் இல்லை. யாரோ ஒரு விவசாயி மாடுகளை ஓட்டிவிட்டுத் தன் மேய்ச்சல் நிலத்தைக் கொடுப்பார். அதில் நாடா கட்டிப் பாதை போடுவார்கள். நாற்பது நிமிடம் சுற்றிச் சுற்றி வர வேண்டும். வழியில் மேடு இருக்கும், மணல் இருக்கும், தாண்டுவதற்கு இரண்டு பலகைகள் இருக்கும். ஓட்ட முடியாத இடத்தில் இறங்கி, சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓட வேண்டும். சேறு அப்பிய சைக்கிளைக் கொடுத்துவிட்டுக் கழுவியதை வாங்கிக்கொள்ள ஓர் இடம் உண்டு. அங்கே ஒவ்வொருத்திக்கும் அவளுடைய ஆள் நிற்பான்.

ஹெட்விக்கின் ஆள் அவள் புருஷன் லீவென். கூரை ஓடு வேய்கிறவன். அதிகம் பேச மாட்டான். ஏழு குளிர்காலமாக வாளியும் தூரிகையுமாக அவளுக்காக நின்றுகொண்டிருந்தான். அவர்களுடைய கிளப்பின் பெயர் கறுப்புச் சேவல். கிளப் கூடும் மதுக்கடையின் பெயரும் அதுதான். பெண்களில் ஹெட்விக்தான் அங்கே முதல் ஆள். முதல் ஆள் என்றால் எட்டாவது, ஒன்பதாவது வருவாள். ஒரு தரம் நான்காவது வந்தாள். இன்னொருத்தி பெர்னடெட், முடிதிருத்தும் கடைக்காரி. பந்தயம் முடிந்து குடிக்கிற பீருக்கு ஒரு காரணம் வேண்டுமே என்றுதான் அவள் ஓட்டினாள்.

யோலீனைக் கூட்டிவந்தது ஹெட்விக்தான். அதை நினைக்கும்போதெல்லாம் தன்னையே அறைந்துகொள்ளலாம் போல இருக்கும் அவளுக்கு. யோலீன் டீல்ட் ஊர் நீச்சல் குளத்தில் பிள்ளைகளுக்கு நீந்தக் கற்றுக்கொடுப்பவள். இருபத்தொன்பது வயது. புதன்கிழமைகளில் குளிக்க வரும் ஹெட்விக்கின் முழங்கால் காயங்களைப் பார்த்து, “யார் உன்னை இந்த அடி அடிக்கிறது?” என்று கேட்டாள். ஹெட்விக் சிரித்துவிட்டுத் தன் பழைய சைக்கிளை அவளுக்குக் கொடுத்தாள். தேவாலயத்துக்குப் பின்னால் இருந்த கால்பந்துத் திடலில், ஓடிக்கொண்டே சைக்கிளில் ஏறி உட்காரச் சொல்லிக்கொடுத்தாள். அதைப் பழக ஹெட்விக்குக்கு இரண்டு குளிர்காலம் ஆகியிருந்தது. யோலீன் மூன்றே வாரத்தில் பழகிவிட்டாள்.

முதல் பந்தயத்தில் யோலீன் மூன்றாவது வந்தாள். ஹெட்விக் அவள் கன்னத்தில் மூன்று முத்தம் கொடுத்து வாழ்த்தினாள். மனசாரத்தான் வாழ்த்தினாள். அடுத்த பந்தயத்தில் யோலீன் முதலாவது வந்தாள். அன்றும் மூன்று முத்தம். மூன்றாவது முத்தத்துக்கு உதடு கொஞ்சம் இறுகிப்போயிருந்தது.

யோலீனுக்குச் சைக்கிள் பிடிக்க ஆள் இல்லை. “பாவம், தனியா இருக்கா. அவளோடதையும் நீயே பாத்துக்கோயேன்,” என்று லீவெனிடம் சொன்னவளும் ஹெட்விக்தான். அன்று முதல் லீவெனுக்குத் திடீரென்று வாய் முளைத்தது. யோலீன் அந்தப் பக்கம் வந்தால் போதும், வேலியைத் தாண்டி விழுந்துவிடுவான் போலக் கத்துவான்.

“பன்னெண்டு செகண்டுதான் வித்தியாசம்! மேட்டுல முன்னால போறவளுக்கு மூச்சு வாங்குது! இப்பவே போ, விடாதே!”

பாதையின் மறுபக்கத்திலிருந்து ஹெட்விக்குக்கு அது துல்லியமாகக் கேட்கும். பிறகு அவள் முறை வரும்.

“நல்லாருக்கு, கண்ணு! அப்படியே வா!”

சாப்பிட அடம்பிடிக்கும் குழந்தைக்குச் சொல்கிற மாதிரி இருக்கும். இத்தனை வருடமும் இதையேதான் அவன் கத்தியிருக்கிறான், அவளும் அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டிருக்கிறாள். இப்போது அது காதில் விழுந்தாலே பல்லைக் கடித்தாள்.

வீட்டில் ரொட்டிக்குச் சீஸ் வெட்டிக்கொண்டே சொல்வான்: “யோலீன் டயர்ல இன்னும் கொஞ்சம் காத்தைக் குறைக்கணும். மணல்ல வழுக்குது.”

“என் டயர்ல எவ்வளவு காத்து இருக்கு, தெரியுமா?”

“எப்பவும் போலத்தான்,” என்று சொல்லிவிட்டு அடுத்த துண்டை வெட்டுவான்.

ஹெட்விக் தான் இப்படிப்பட்டவள் என்று அதுவரை நினைத்ததில்லை. பட்டையின் முன்னால் நிற்கும்போது, கோஸோடு கோஸாக யோலீனும் கண் முன்னால் ஓடினாள். அந்த நீளமான கால். சேறு படிந்தாலும் அழகாக இருக்கும் அந்த முகம். மூச்சு இரைக்காமல் பேசுகிற அந்தக் குரல். அவளுக்குச் சளி பிடிக்க வேண்டும் என்று ஹெட்விக் வேண்டிக்கொண்டாள். கால் உடைய வேண்டாம், அது பாவம். டயர் கிழிந்தால் போதும் என்று நியாயமாகத்தான் வேண்டினாள். டயர் கிழியவில்லை. சனிக்கிழமை மாலைகளில் கைப்பேசியை எடுத்து, யோலீன் வாங்கிய பூங்கொத்துப் படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்ப்பாள். ஒரு படத்தின் ஓரத்தில் லீவென் இருந்தான். கல்யாணப் படத்தில்கூட அப்படிச் சிரிக்காதவன் அதில் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான்.

டிசம்பரில் கால்வாய் ஓரத்து வயலில் ஒரு பந்தயம். மூன்று நாள் மழை பெய்து ஓய்ந்திருந்தது. சேறு பிசைந்த மாவு மாதிரி சக்கரத்தில் சுற்றிக்கொண்டது. இரண்டாவது சுற்றிலேயே யோலீனின் கியர் முறிந்தது. மாற்றுச் சைக்கிளை வாங்கிப் போனாள். அதன் சங்கிலியும் அறுந்தது. அப்போதும் அவள்தான் முன்னால் இருந்தாள். சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்து கையை நீட்டினாள். லீவெனின் கையில் கழுவித் துடைத்த ஒரே ஒரு சைக்கிள்தான் இருந்தது. அது ஹெட்விக்கின் மாற்றுச் சைக்கிள். அதைக் கொடுத்துவிட்டான்.

இரண்டு நிமிடம் கழித்து ஏழாவது ஆளாக ஹெட்விக் வந்தாள். அவள் சங்கிலி பல்லில் நிற்காமல் துள்ளிக்கொண்டிருந்தது. வரும்போதே கையை நீட்டிக்கொண்டு வந்தாள். லீவென் வெறும் கையோடு நின்றான்.

“எங்கே?”

“யோலீன்… அவ சங்கிலி அறுந்துபோச்சு. அவதான் முதல்ல இருந்தா, ஹெட்விக். முதல்ல!”

அவள் துள்ளுகிற சங்கிலியோடு கொஞ்ச தூரம் மிதித்தாள். பிறகு இறங்கித் தள்ளினாள், தூக்கினாள், ஓடினாள். பதினான்காவது வந்தாள்.

யோலீன் வென்றிருந்தாள். ஹெட்விக்கைவிட ஒரு சாண் உயரமானவள் அவள். அந்தச் சைக்கிளின் இருக்கை அவளுக்கு மூன்று விரல் தாழ்வு. முழங்கால் நெஞ்சில் இடிக்க இடிக்க மிதித்து வென்றிருந்தாள். ஹெட்விக்கை அதிகம் அறுத்தது அதுதான்.

மதுக்கடையில் பெர்னடெட் கோப்பையைத் தூக்கினாள். “ஆக, சைக்கிள் மேல குத்தம் இல்லப்பா! ஏழு வருஷமா அந்த வாயில்லாச் சீவனைத் திட்டிட்டிருந்தோமே!”

கடையே சிரித்தது. ஹெட்விக்கும் சிரித்தாள். யோலீன் மட்டும் சிரிக்காமல், பரிசாக வாங்கிய பன்றித் தொடையைத் தூக்கிக்கொண்டு அவளிடம் வந்தாள்.

“இதுல பாதி உனக்கு, ஹெட்விக். உன் சைக்கிள் இல்லேன்னா நான் வெளியேதான் நின்னிருப்பேன்.”

“சைக்கிளுக்குக் குடு. ஓட்டினது நீ, ஓடினது அது. நான் நடந்துதானே வந்தேன்.”

இதற்கும் எல்லோரும் சிரித்தார்கள். யோலீனின் முகம் சிவந்துபோயிற்று.

வேனில் வீடு திரும்பினார்கள்.

“உன் கையில இருந்தது யார் சைக்கிள்?” என்றாள் ஹெட்விக்.

“உன்னோடது.”

“யாருக்குக் குடுத்தே?”

“கிளப்புக்குக் குடுத்தேன்.”

“நீ கட்டிக்கிட்டது கிளப்பையா, என்னையா?”

லீவென் முன்னால் போன ஒரு டிராக்டரை முந்தினான். “நான் யோசிக்கவே இல்ல. அவ கை நீட்டினா, குடுத்துட்டேன்.”

யோசித்துக் கொடுத்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். யோசிக்காமல் கொடுத்தேன் என்பவனிடம் என்ன பேசுவது? ஹெட்விக் தலையைத் திருப்பி வெளியே வெங்காயத்தாள் வயல்களைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

பிப்ரவரியில் பருவத்தின் கடைசிப் பந்தயம் டே பானே பக்கத்துக் கடற்கரை மணல்மேடுகளில் நடந்தது. டிக்ஸ்மெய்டே கிளப்பின் எல்ஃப்ரீடவும் யோலீனும் புள்ளிகளில் சமமாக இருந்தார்கள். இருவரில் அன்று யார் முன்னால் வருகிறாளோ அவளுக்கே அந்த வருடத்துக் கோப்பை. யோலீன் கறுப்புச் சேவலுக்குக் கோப்பை கொண்டுவரப் போகிறாள் என்று மதுக்கடைக்காரர் ஒரு பஸ் நிறைய ஆள்களை ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்.

சுற்று சின்னது. அதனால் கடைசிச் சுற்றில் யோலீனும் எல்ஃப்ரீடவும் பின்தங்கியவர்களை ஒரு முழுச் சுற்று முந்திக்கொண்டு வந்தார்கள். அப்படி வருபவர்களுக்கு வழிவிட வேண்டும், அதுதான் விதி. ஹெட்விக் அப்போது நீண்ட மணல் பாதையில் இருந்தாள். மணலில் ஓட்டத் தகுந்த தடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, ஒரு டயர் அகலத்துக்கு. அதைவிட்டு விலகினால் சக்கரம் புதைந்துவிடும்.

பின்னால் மூச்சு கேட்டது. யாருடையது என்று திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

“வழி, ஹெட்விக்!”

இடது காலை ஊன்றிச் சாய்ந்தால் போதும். ஹெட்விக்கின் கால் மிதியிலேயே இருந்தது.

“ஹெட்விக்! வழி!”

அவள் குறுக்கே போகவில்லை, தள்ளவில்லை, எதுவும் செய்யவில்லை. தன் வேகத்தில், தன் தடத்தில், முப்பது மீட்டர் போய்க்கொண்டே இருந்தாள். யோலீன் பொறுக்க மாட்டாமல் தடத்தைவிட்டு விலகினாள். முன்சக்கரம் புதைந்தது. இறங்கினாள், தடுமாறினாள், சைக்கிளைத் தூக்கினாள். அதற்குள் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த எல்ஃப்ரீட இருவரையும் தாண்டி ஓடிவிட்டாள்.

மணல் முடிகிறவரை ஹெட்விக்கின் வயிற்றில் சூடாக, இனிப்பாக என்னவோ இறங்கியது. பல மாதமாகத் தாகத்தோடு இருந்தவள் குடித்த மாதிரி இருந்தது. மணல் முடிந்து சக்கரம் புல்லில் ஏறியதும் அது நின்றுபோயிற்று. சைக்கிள் மாற்றும் இடத்தில் லீவென் நின்றான். அங்கிருந்து மணல் பாதை நன்றாகத் தெரியும். அவன் அவளைப் பார்த்தான். எதுவும் கத்தவில்லை.

யோலீன் நான்கு செகண்டு வித்தியாசத்தில் தோற்றாள்.

சைக்கிள் கழுவும் வரிசையில் யோலீன் அவளுக்குப் பின்னால் வந்து நின்றாள். முகத்துச் சேற்றில் இரண்டு கோடு இறங்கியிருந்தது.

“ஏன் வழி விடலன்னு நடுவர் விசாரிச்சாரு. காத்துல உனக்குக் கேட்டிருக்காதுன்னு சொல்லிட்டேன்,” என்றாள். “கேட்டுச்சா?”

“கேட்டுச்சு.”

“ரெண்டு தரமும்?”

“ரெண்டு தரமும்.”

“அப்புறம் ஏன்?”

பொய் சொல்ல ஹெட்விக்குக்கு ஒரு கணம் கிடைத்தது. “பொறாமை,” என்றாள். “உன் காலு மேல. உன் வயசு மேல. மூணே வாரத்துல கத்துக்கிட்டியே, அது மேல. லீவென் உனக்குச் செகண்டு கத்துறான். எனக்கு நல்லாருக்குன்னு கத்துறான்.”

யோலீன் ஹெட்விக்கின் கையிலிருந்த தண்ணீர்க் குழாயை வாங்கி, அவள் காலடியிலேயே போட்டாள். “இதை நீ அக்டோபர்லயே சொல்லியிருந்தா நான் வேற ஆளைப் பாத்துக்கிட்டிருப்பேன். உனக்காகப் பொய் சொன்னேன் பாரு, அதுதான் கடைசி.” சேற்றுச் சைக்கிளை அப்படியே தள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

ஹெட்விக் நேராக நடுவரின் வண்டிக்குப் போனாள். அவர் உருளைக்கிழங்கு வறுவல் தின்றுகொண்டிருந்தார். யோலீன் கத்தியது தனக்குக் கேட்டது, வேண்டுமென்றேதான் வழிவிடவில்லை என்று சொன்னாள். அவர் முள்கரண்டியைக் கீழே வைத்தார். முடிவு முடிவுதான், மாற்ற முடியாது என்றார். ஹெட்விக்கின் பெயரைப் பட்டியலில் அடித்தார். அடுத்த பருவத்தின் முதல் மூன்று பந்தயத்துக்கு அவளைத் தடுத்து எழுதிக்கொண்டார். “நாப்பது வருஷமா இந்த வேலை பாக்குறேன். இதைச் சொல்ல இதுவரைக்கும் ஒருத்தரும் வந்ததில்ல,” என்றார். அது பாராட்டா இல்லையா என்று ஹெட்விக்குக்குப் புரியவில்லை.

வீட்டுக்குப் போனதும் லீவென் கேட்டான். “என் மேல கோவம்னா என்னைத் தள்ளிவிட்டிருக்கலாமே. அவளை ஏன்?”

“உன் மேல மட்டும் இல்ல.”

“நீ முன்னாடி இருந்தா உனக்கும் செகண்டு கத்தியிருப்பேன். சத்தியமா.”

“பின்னாடி வர்றவளுக்கும் செகண்டு உண்டு, லீவென். பத்தாவது வர்றவளுக்கும் ஒம்பதாவது வர்றவளுக்கும் நடுவுல இருக்கு. நீ ஒரு நாளும் எண்ணிப் பாக்கல.”

அது லீவெனுக்கு உண்மையிலேயே தோன்றியிருக்கவில்லை. தொட்டியில் தூரிகைகளைப் போட்டு வெகுநேரம் அலசிக்கொண்டிருந்தான்.

பெர்னடெட் இரண்டு வாரம் பேசவில்லை. மூன்றாவது வாரம், “வாடி, முடி காடாக் கெடக்கு. கத்தரிக்கோலு என் கையில இருக்கும், அதனால வாயை மூடிட்டு உக்காரு,” என்று கூப்பிட்டாள். ஹெட்விக் யோலீனுக்கு ஒரு கடிதம் எழுதிப் போட்டாள். பதில் வரவில்லை. வசந்தத்தில் யோலீன் டிக்ஸ்மெய்டே கிளப்பில் சேர்ந்துவிட்டதாகக் கடைக்காரர் சொன்னார். சொல்லும்போது அவர் ஹெட்விக்கைப் பார்க்கவில்லை.

தடை முடிந்து ஹெட்விக் மறுபடி ஓட்டியது அக்டோபர் கடைசியில், டோர்ஹவுட் பக்கம். கடைசிச் சுற்றில் பலகைகளுக்கு முன்னால் யோலீன் அவளை முந்த வந்தாள். டிக்ஸ்மெய்டே கிளப்பின் நீலச் சட்டை போட்டிருந்தாள். அவள் குரல் கொடுக்கும் முன்பே ஹெட்விக் விலகினாள். நாடாவைத் தாண்டிச் செந்தட்டிப் புதரில் கால் வைத்து நின்றாள்.

“நன்றி,” என்று சொல்லிவிட்டு யோலீன் போனாள். முன்பின் தெரியாதவர்களுக்குச் சொல்கிற நன்றி. செந்தட்டியைவிட அது அதிகம் அரித்தது.

பந்தயம் முடிந்து கூடாரத்தில் தக்காளி சூப் ஊற்றினார்கள். ஹெட்விக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு இடம் தேடினாள். மூலையில் யோலீனும் எல்ஃப்ரீடவும் ஒரே போர்வையைத் தோளில் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். எல்ஃப்ரீட அன்று இரண்டாவது. தோற்றவள் எதையோ சொல்ல, யோலீன் சூப் சிந்தச் சிந்தச் சிரித்தாள். தன் கிண்ணத்தில் இருந்த இறைச்சி உருண்டை ஒன்றை எடுத்து எல்ஃப்ரீடவின் கிண்ணத்தில் போட்டாள்.

ஹெட்விக் நின்று பார்த்தாள். நெஞ்சுக்குள் அந்தப் பழைய கடுகடுப்பு ஏறியது. ஆனால் இந்தத் தரம் யோலீன் மேல் இல்லை. அந்தப் போர்வைக்குள் உட்கார்ந்திருந்த எல்ஃப்ரீட மேல்.

“என்ன முறைக்கிற?” என்று பெர்னடெட் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டாள். “உக்காரு, சூப் ஆறிடும்.”

ஹெட்விக் உட்கார்ந்தாள்.