கையுறையில் ஒட்டிய எண்ணெய்

என் அண்ணி ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக்கூடத்தில் மூன்று வருடம் குப்பி கழுவினாள். அதற்காகவே பிறந்தவள் போல வாயைத் திறக்காமல் கழுவினாள். எதற்காகக் காத்திருந்தாள் என்று பக்கத்துத் தொட்டியில் நின்ற எனக்கு மட்டும்தான் தெரியும்.

அதற்கு முன் அந்தப் பரிசோதனைக்கூடத்தின் மாஸ் மெஷின் அவள் பொறுப்பில் இருந்தது. தண்ணீரில் கலந்த விஷத்தை எடை பிரித்துக் காட்டும் மெஷின். அதற்குள்ளே கட்டைவிரல் அளவில் 'சோர்ஸ்' என்று ஒரு பாகம். மாதிரிக்கு மின்னேற்றி அனுப்புவது அதுதான். அண்ணி மாதம் ஒருமுறை அதைக் கழற்றித் தேய்த்து, சூட்டில் காயவைத்துப் பூட்டுவாள். பிறகு அதிலுள்ள ஒவ்வொரு தகட்டின் மின்னழுத்தத்தையும் இம்மியிம்மியாக மாற்றுவாள். திரையில் மூன்று கோடுகள் ஒல்லியாக நிமிர்ந்து நிற்கும்வரை விடமாட்டாள்.

ஒரு மாதம் அவள் விடுப்பில் இருந்தபோது மேலாளரே சுத்தம் செய்தார். கையுறை போட்டிருந்தார். ஆனால் யோசனை வந்தால் எண்ணெய் வழியும் தலைமுடியைக் கோதிவிடுவது அவர் பழக்கம். கையுறையோடு கோதினார், அதே விரலால் தகட்டை எடுத்தார். குப்பிக் கூடையோடு கதவோரம் நின்ற நான் பார்த்தேன். திரையில் வரக்கூடாத இடத்திலெல்லாம் கோடுகள் முளைத்தன, ஓர் அறிக்கை தப்பாகப் போனது. தான் சுத்தம் செய்ததை மறைத்து, 'இயக்குபவரின் அலட்சியம்' என்று மேலாளர் பதிவேட்டில் எழுதினார். அண்ணி தொட்டிக்கு வந்து சேர்ந்தாள்.

"நான் பாத்தேன் அண்ணி. சொல்லட்டுமா?"

"எட்டாவதோட நின்னவ நீ. உன் பேச்ச எவன் நம்புவான்? இரு, அந்தாளு கையே சொல்லும்."

அந்தக் கோடுகள் அச்சாகிக் குப்பைக் கூடையில் கிடந்த தாளை எடுத்து மடித்து, தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

இந்த வருடம் உரிமம் புதுப்பிக்க ஆய்வுக் குழு வந்தது. சுத்தம் செய்வதை நேரில் பார்க்க வேண்டும் என்றார்கள். புதிதாக வந்த இயக்குபவன் அதற்கு முந்தின வாரம்தான் வேலையை விட்டிருந்தான். மேலாளர் தானே உட்கார்ந்தார். "ஏம்மா, சும்மா பக்கத்துல நில்லு" என்று அண்ணியைக் கூப்பிட்டார்.

"எத்தனை டிகிரியில காயவைப்பீங்க?" என்று ஆய்வாளர் அம்மா கேட்டார்.

மேலாளர் யோசித்தார். கை தலைக்குப் போனது. நான் அண்ணியைப் பார்த்தேன். ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவளோ தகடுகள் இருந்த தட்டை அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தி வைத்தாள்.

மறுநாள் காலை திரையில் வரக்கூடாத அதே கோடுகள்.

"இந்தம்மாதான் பக்கத்துல..." என்று மேலாளர் ஆரம்பித்தார்.

"இவங்க தகடு எதையும் தொடலையே. நாங்க பாத்துட்டுத்தானே இருந்தோம்."

அண்ணி பையிலிருந்த தாளை விரித்துத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தாள். "மூணு வருஷத்துக்கு முன்னாடி வந்த கோடுங்க மேடம். அன்னைக்கும் சுத்தம் பண்ணது சார்தான்."

ஆய்வாளர் தாளைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், கடைசியாக மேலாளர் தலையைப் பார்த்தார்.

அண்ணி மறுபடி கழற்றிச் சுத்தம் செய்தாள். அடுத்த நாள் மூன்று கோடுகளும் நிமிர்ந்து நின்றன. பதிவேட்டில் அந்த வரியை மேலாளரே அடித்துக் கையெழுத்துப் போட்டார். அண்ணிக்கு அவள் நாற்காலி திரும்பக் கிடைத்தது.

"முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா."

"எழுதறதுக்கு முன்னாடி நீங்க ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே சார்."

இப்போது அந்த அறைக்குள் போக எல்லோருக்கும் தலையுறை கட்டாயம். மற்றவர்கள் பெட்டியிலிருந்து தாங்களே எடுத்துக்கொள்கிறார்கள். அவர் வந்தால் மட்டும் அண்ணி எழுந்து போய், ஒன்றை உருவி நீட்டுகிறாள்.

"வாங்க சார். மொதல்ல தலைய மூடுங்க."