வாம்பாட் முதுகைக் காட்டிய வியாழக்கிழமை

ரேலீன் பக்கனின் உயரம் நூற்று ஐம்பத்திரண்டு சென்டிமீட்டர். இன்னும் நாலு விரல் வளர்ந்திருந்தால் மக்கிள்ஸுக்குள் நுழைந்திருக்க முடியாது. மக்கிள்ஸ் எங்கள் கேளிக்கைப் பூங்காவின் வாம்பாட் வேஷ உடுப்பு; வளை தோண்டி வாழும் ஆஸ்திரேலிய விலங்குதான் வாம்பாட். குட்டைக்கால், பெருந்தொப்பை, அண்டா மாதிரித் தலை. கோல்ட் கோஸ்ட்டின் வெயிலில் அந்தத் தோலுக்குள் ஒன்பது வருஷம் வெந்தவள் ரேலீன்.

அதற்கு முன்னால் நெராங்கில் ஒரு பள்ளிக்கூட வாசலில், குழந்தைகள் சாலையைக் கடக்க, வண்டிகளை நிறுத்தும் பலகை பிடித்தவள். ஹாரன் அடித்துக்கொண்டே இருந்த சிமெண்ட் லாரிக்கு எதிரே, கடைசிக் குழந்தை ஷூ நாடாவைக் கட்டி முடிக்கும் வரை நகராமல் நின்றாளாம். இந்தக் கதையை அவள் வாயால் இருபது தடவையாவது கேட்டிருப்பேன். ஒவ்வொரு தடவையும் லாரி கொஞ்சம் பெரிதாகும்.

நான் அவளுக்குத் துணை ஆள். உள்ளே இருப்பவர் பேசக் கூடாது. பக்கவாட்டில் பார்வையும் கிடையாது. அதனால் கூடவே ஒருத்தி கடிகாரத்தோடு நடக்க வேண்டும். இருபது நிமிஷம் ஆனால் உள்ளே கூட்டிப்போக வேண்டும். அவள் தொப்பையை இரண்டு தட்டு தட்டினால் நன்றாக இருக்கிறாள் என்று அர்த்தம். கழுத்தில் கை வைத்தால் உடனே வெளியேற்ற வேண்டும்.

மேடையில் மக்கிள்ஸோடு படம் எடுக்க நிற்கும் வரிசை என்பது பெரியவர்கள் கண்டுபிடித்த சங்கதி. இரண்டு வயதுக் குழந்தையை நாற்பது நிமிஷம் கயிற்றுக்குள் நிறுத்திவைத்து, முறை வந்ததும் மலை மாதிரி ஒன்றின் மடியில் தள்ளி, "சிரி, சிரி" என்று அப்பன் ஃபோனை நீட்டினால் அது சிரிக்குமா? வீறிட்டு அழும். அழுத முகத்தைப் படம் பிடித்துக்கொண்டு போவார்கள். எனக்கு அதைப் பார்த்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும்.

ரேலீன் வேறு வழி வைத்திருந்தாள். வியாழக்கிழமைகளில், பதினோரு மணி மேடைக்குப் போகும் முன், பத்தரைக்கே பின்வாசல் வழியாக வருவாள். குழந்தை வண்டிகள் வாடகைக்கு விடும் கொட்டகை அங்கே இருக்கிறது, எதிரே புல்தரை. அங்கே போய்க் குழந்தைகளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிடுவாள். புல்லைப் பிடுங்கிப் பிடுங்கி வாயருகே கொண்டுபோவாள். கூப்பிட மாட்டாள், கை நீட்ட மாட்டாள். தைரியம் வந்த குழந்தை வரலாம். வராத குழந்தை அடுத்த வாரம் வரலாம். அம்மாக்கள் ஒருத்திக்கொருத்தி சொல்லிவைத்திருந்தார்கள்.

டல்லி என்று ஒரு குட்டி. இரண்டரை வயது. முதல் வியாழன் குப்பைத் தொட்டிக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். அடுத்த வாரம் மரத்தடி வரை வந்தாள். ஐந்தாம் வியாழன் ஒரு கை தூரத்தில் நின்று ஓர் உலர்திராட்சையை எறிந்துவிட்டு ஓடினாள். அவள் அம்மா ஜோடீ ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை செய்பவள். அவளுக்கு வாரத்தில் லீவு அந்த ஒரு நாள்தான்.

"அடுத்த வாரம் தொட்டுடுவா டெப், நீ வேணா பாரு," என்றாள் ரேலீன், தலையைக் கழற்றிய கையோடு.

அந்த அடுத்த வாரத்தில்தான் கிரெய்க் வாயைத் திறந்தான். புது மேலாளர். வந்த முதல் நாளே உடை மாற்றும் அறையில் விதிகளைப் புதிதாக அச்சடித்து, கீழே தன் பெயரையும் போட்டு ஒட்டியவன். உள்ளே ஆள் இருப்பதாகக் குழந்தைகள் முன்னால் யாரும் காட்டிக்கொள்ளக் கூடாது. இரண்டு மக்கிள்ஸ் ஒரே நேரத்தில் கண்ணில் படக் கூடாது. ஒரு மக்கிள்ஸ் செய்ததை எல்லா மக்கிள்ஸும் செய்ய வேண்டும், குழந்தைக்கு வித்தியாசம் தெரியக் கூடாது. ரேலீனுக்கு லீவு என்றால், இருக்கிற இன்னொரு உடுப்பில் நுழைபவள் டனிகா. ஒப்பந்த வேலை, வீட்டில் இரண்டு பிள்ளைகள், புருஷன் கிடையாது.

"இன்னையிலேர்ந்து பின்வாசல் கிடையாது," என்றான் கிரெய்க். "மக்கிள்ஸைப் பாக்கணும்னா ஃபோன்ல பதிவு பண்ணிட்டு மேடை வரிசையில வரணும்."

ரேலீன் காலை உடுப்புக்குள் விட்டுக்கொண்டிருந்தாள். "ரெண்டு வயசுக்காரி ஃபோன்ல பதிவு பண்ணுவாளா?"

"அவ அம்மா பண்ணுவா."

"அம்மாவுக்குப் பயமில்லையே. பயப்படறது இவ. பயம் எத்தனை மணிக்குத் தெளியும்னு முன்கூட்டியே பதிவு பண்ணிடலாமா?"

"ரேலீன், இது பேச்சுவார்த்தை இல்ல. மீறினா இந்த உடுப்பை மறந்துடு."

அவன் போனதும் அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ஜிப்பைப் போடுடி."

போட்டேன். வெளியே வந்தால் வலது பக்கம் மேடை, இடது பக்கம் புல்தரை. இடது பக்கம் திரும்பினாள். தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை, அதற்காக வருத்தமும் இல்லை.

பத்துப் பன்னிரண்டு குழந்தைகள் இருந்தன. மக்கிள்ஸ் முதுகைக் காட்டி உட்கார்ந்தது. டல்லி மரத்தடியை விட்டு நாலடி முன்னால் வந்து நின்றுவிட்டாள். பதினோரு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது கிரெய்க் ரேடியோவும் கையுமாக வந்தான்.

இத்தனை குழந்தைகள் முன்னால் ரேலீன் என்று கூப்பிட முடியாது. அதட்டவும் முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்தான். "மக்கிள்ஸ் செல்லம், மேடையில எல்லாரும் உனக்காகக் காத்திருக்காங்களே."

மக்கிள்ஸ் ஒரு புல்லைப் பிடுங்கியது.

"மக்கிள்ஸ். இப்பவே எழுந்திரு."

"சத்தம் போடாத," என்றாள் டல்லி அவனைப் பார்த்து. "அது சாப்பிடுது."

கிரெய்க் ரேடியோவைத் தூக்கினான். "டனிகாவ மேடைக்கு அனுப்பு."

நான் அவன் காதருகில் போனேன். "மேடையிலேர்ந்து பாத்தா இந்த இடம் தெரியும் கிரெய்க். ரெண்டு மக்கிள்ஸ் ஆயிடுமே. நீ ஒட்டின விதிதான்."

அவன் முகம் போன போக்கு இருக்கிறதே! ரேடியோவைக் கீழே இறக்கினான். அவளை எழுப்பவும் வழியில்லை, இன்னொருத்தியைக் கொண்டுவரவும் வழியில்லை.

ஆனால் என் கையில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. பத்து முப்பத்தைந்துக்கு வெளியே வந்தவள். இருபது நிமிஷம் தாண்டியாயிற்று. முப்பத்தோரு டிகிரி வெயில். மூன்று வருஷத்துக்கு முன் உடுப்புக்குள் மயங்கிய ஒரு பையன் அந்தத் தலையோடு சேர்ந்து கீழே சரிந்ததைக் கண்ணால் பார்த்தவள் நான். உடுப்பின் ரோமத்தைச் சரிசெய்வது போலக் குனிந்தேன். அவள் தொப்பையில் இரண்டு தட்டு தட்டினாள். இருபத்து நாலாவது நிமிஷமும் இரண்டு தட்டு. முப்பது ஆனால் யார் என்ன சொன்னாலும் இழுத்துக்கொண்டு போய்விடுவது என்று முடிவு செய்தேன்.

இருபத்தேழாவது நிமிஷம் டல்லி நடந்து வந்தாள். தொடுவாள், மூக்கைப் பிடிப்பாள் என்றுதான் நினைத்தோம். அவள் திரும்பி நின்று, மக்கிள்ஸின் முதுகோடு தன் முதுகை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். புல்லைப் பிடுங்கினாள். ஜோடீ வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கக்கூட இல்லை. நானும்தான்.

ரேலீன் திரும்பவில்லை. ஒரு நிமிஷம் அப்படியே இருந்துவிட்டு மெல்லக் கழுத்தில் கை வைத்தாள்.

"மக்கிள்ஸுக்குத் தூக்கம் வருதாம், வளைக்குப் போகுது," என்றேன்.

"போ," என்று டல்லி அனுமதி கொடுத்தாள்.

உள்ளே போய்த் தலையைக் கழற்றினால் முகம் தக்காளி. பனிக்கட்டி சுற்றிய துண்டை முதுகில் போட்டுக்கொண்டு சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தாள். கிரெய்க் தாளோடு வந்து நின்றான். மேடைக்குப் போகவில்லை, உத்தரவை மீறினாள் என்று எழுதியிருந்தது.

"கையெழுத்துப் போடு."

"யார் மீறினா? உள்ள யாருமே இல்லைன்னு நீதான எழுதி ஒட்டியிருக்க? மக்கிள்ஸ்தான் மீறிச்சு." பேனாவை வாங்கி, குழந்தைகளின் நோட்டில் போட நாங்கள் எல்லோருமே பழகியிருக்கும் மூன்று நகக் கீறல் போன்ற அந்த மக்கிள்ஸ் கையெழுத்தைப் பெரிதாகப் போட்டுக் கொடுத்தாள்.

உடுப்பைப் பறித்தார்கள். சீசன் முடியும் வரை குழந்தை வண்டிக் கொட்டகையில் வேலை. "தோலை உரிச்சுட்டானுங்கடி," என்று சிரித்தாள். கார் நிறுத்துமிடத்துக்குப் போனதும் அழுதாள். ஒன்பது வருஷம். அழாமல் என்ன செய்வாள்?

அடுத்த வியாழன் மேடை. கயிற்றுக்குள் ஐம்பது குடும்பங்கள். உடுப்புக்குள் டனிகா. என் பக்கத்திலேயே கிரெய்க், கையைக் கட்டிக்கொண்டு. வரிசையின் நடுவில் ஜோடீயும் டல்லியும். முன்னால் நின்ற குழந்தைகள் ஒவ்வொன்றாக வீறிட்டுக்கொண்டிருந்தன.

டல்லி கயிற்றுக்கு அடியில் புகுந்தாள். நேரே மேடை முன் வந்தாள். மக்கிள்ஸை ஒரு பார்வை பார்த்துவிட்டு, திரும்பி, அதற்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்து காத்திருந்தாள்.

டனிகா அசையாமல் நின்றாள். அந்தப் பெரிய தலை கிரெய்க் பக்கம் திரும்பியது. அவளுக்கு வீட்டில் இரண்டு பிள்ளைகள் என்பது எனக்குத் தெரியும், உட்காராவிட்டால் அவளை நான் குறை சொல்லியிருக்க மாட்டேன். அப்புறம் மக்கிள்ஸ் மேடையை விட்டு இறங்கி, மெல்லத் திரும்பி, டல்லியின் முதுகோடு முதுகாகத் தரையில் உட்கார்ந்தது.

வரிசையிலிருந்து இன்னொரு குட்டி கயிற்றுக்கு அடியில் புகுந்தது. பின்னாலேயே இரட்டைக் குழந்தைகள்.

"எழுந்திருக்கச் சொல்லு," என்றான் கிரெய்க்.

"முடியாதே. ஒரு மக்கிள்ஸ் செஞ்சதை எல்லா மக்கிள்ஸும் செய்யணும். வேணும்னா போய்ப் படிச்சுப் பாரு, அடியில உன் பேர்தான் இருக்கு."

கொட்டகை வாசலில் ரேலீன் ஒரு வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். என்னைப் பார்த்து வயிற்றில் இரண்டு தட்டு தட்டினாள்.