பந்தயக் காரில் இருந்த கிறுக்கல்

தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து எங்கள் ஊரான வங்காலைக்குத் திரும்பியபோது எங்கள் வீட்டில் ஓடு, கதவு, கிணற்றுக் கப்பி எதுவுமே இல்லை. அப்பா வாங்கிவைத்த பழைய பந்தயக் கார் மட்டும் கொட்டிலில் அப்படியே நின்றது. ஒரே ஓர் ஆள் இருக்கக்கூடிய காரைக் களவெடுக்கக்கூட எவனுக்கும் மனம் வரவில்லை.

சுவர்களில் யார் யாரோ தங்கள் பெயரையும் இலக்கத்தையும் கிறுக்கிவிட்டுப் போயிருந்தார்கள். பத்து நாள் சுரண்டினேன். காரின் இருக்கைக்குப் பின்னால், இரும்பிலும் அப்படியொரு கிறுக்கலைக் கண்டதும் எனக்குக் கோபம் தலைக்கேறியது. அரத்தால் அராவி, வள்ளத்துக்கு வாங்கிய நீலப் பெயின்டையும் பூசிவிட்டேன்.

காரை வாங்கக் கொழும்பிலிருந்து வந்தவர் நேரே அந்த இடத்தில்தான் குனிந்தார்.

“தொழிற்சாலையில அடிச்ச இலக்கம் இதிலதானே இருக்க வேணும்? பந்தயத்துக்கெண்டே செய்த கார் எண்டதுக்கு அதுதான் சாட்சி.”

“அதையோ கேக்கிறீங்கள் ஐயா? ஆரோ விசரன் கிறுக்கி வச்சிருந்தவன். நான் அராவி எடுத்துப்போட்டன். தடவிப் பாருங்கோ, என்ன வழுவழுப்பு!” என்றேன் பெருமையாக.

அவர் தடவினார். நெடுநேரம் தடவினார்.

கடைசியில் சக்கரங்கள் நாலையும் மட்டும் வாங்கிக் கழற்றிக்கொண்டு போனார். அவற்றில் இருந்த இலக்கங்கள், மடு மாதாவின் கிருபையால், என் கண்ணில் பட்டிருக்கவில்லை.