மருந்து படாத இலை

அத்தான் அந்த ஐஸ்கிரீம் டப்பாவை முதன்முதலில் திறந்து காட்டியபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. மூடியில் ஊசியால் குத்திய ஓட்டைகள். உள்ளே ஈர மண், முட்டை ஓடு, மக்கிய இலை. இலையைத் தூக்கியதும் ஆரஞ்சு நிறப் பூச்சிகள் சிதறி ஓடின. ஒன்றைத் தொட்டார், மிளகு போலச் சுருண்டது. பூந்தொட்டிக்கு அடியில் சாம்பல் நிறத்தில் ஓடுமே, அதே இனம். ஐசோபாட் என்பார்கள். கொச்சியிலிருந்து கூரியரில் வரவழைத்திருந்தார். உடும்பஞ்சோலை ஏலக்காய்த் தோட்டத்தில் பூச்சிமருந்து அடிக்கிற மனுஷன் காசு கொடுத்துப் பூச்சி வாங்குகிறாரே என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

அவரோ வேலை முடிந்து வந்து, சோப்புப் போட்டுக் குளித்து, துணி மாற்றிய பிறகுதான் டப்பா பக்கமே போவார். தன்னிடம் வர இந்தச் சுத்தம் பார்த்ததில்லை என்பாள் அக்கா. பாதி மண்ணை நனைத்து, மறுபாதியைக் காயவிடுவார். வெள்ளையாக, கடுகை விடச் சின்னதாகக் குஞ்சுகள் வந்த அன்று, தாய்மாமன் ஆனவர் மாதிரி எனக்கு போன் செய்தார்.

சிக்கல் தீனியில் வந்தது. அவை தின்பது சருகு. மலை முழுக்க மரமிருந்தும் மருந்து படாத இலை கிடையாது. ஏலச்செடிக்கு அடிப்பது நிழல்மரத்தையும் நனைத்துவிடும். இலையை வேகவைத்துப் போட்டுப் பார்த்துப் பாதிப் பூச்சிகளைப் பறிகொடுத்தார். கடைசியில் மாதா கோயில் கல்லறைத் தோட்டத்துப் பலாமரம் கிடைத்தது. ஞாயிறு பூசை முடிந்ததும் பை நிறையப் பொறுக்குவார். நல்ல இலையெல்லாம் செத்தவர்களுக்குத்தானா என்று கேலி செய்திருக்கிறேன்.

கல்லறைத் திருநாள் நெருங்கியது. முன்பெல்லாம் குடும்பம் குடும்பமாக மண்வெட்டியோடு வந்து புல் செதுக்குவார்கள். இப்போது இளசுகள் திருப்பூரிலும் கோவையிலும். களைக்கொல்லி அடித்துவிடலாம் என்று கோயில் கமிட்டி முடிவு செய்தது; அடிக்கத் தெரிந்தவர் அத்தான். அவருடைய தகப்பனாரின் கல்லறையும் புதருக்குள் கிடந்ததால் மறுக்க முடியவில்லை. தோட்டத்தில் மருந்தடிக்கும் பம்பையே கழுவி எடுத்துப் போய் அடித்தார். முன்கூட்டி ஒரு சாக்குச் சருகு கட்டி வைத்திருந்தார். அது தீர்ந்ததும், மழைதான் பெய்துவிட்டதே, மருந்து கழுவிப் போயிருக்கும் என்று அதே மரத்தடியில் பொறுக்கிப் போட்டார். குஞ்சுகள் முதலில் செத்தன.

"ரெண்டுதான் உசுரோட கெடக்கு மாப்ள. ஒங்க பக்கம் மருந்து படாத எல கெடைக்குமா?" என்று போனில் கேட்டார். நான் இருப்பது கீழே சமவெளியில், மாந்தோப்புகள் சூழ்ந்த கொழிஞ்சாம்பாறையில். மாந்தோப்பு மாந்தோப்பாக அலைந்தேன். ஒரு தோப்புக்காரர் பெருமையாகவே சொன்னார்: "பயப்படாதீங்க, ஒரு பூச்சி இருக்காதுங்க. நல்லா அடிச்சிருக்கறமுங்க."

இலை கிடைக்கவில்லை என்று அத்தானிடம் சொன்னேன்.

"அதுகளுக்குச் சாக ஒரு வாரம் புடிச்சிச்சு மாப்ள. நான் இருவது வருசமா அந்த மருந்துக்குள்ளதான் நிக்கேன்."

நாளைக்கு மேற்குச் சரிவில் மருந்தடிப்பு, சீக்கிரம் படுக்க வேண்டும் என்று போனை வைத்துவிட்டார்.