வெள்ளிக்கிழமைக் கயிறு

கயிறு அறுந்தால்தான் அதைச் செய்தவனின் ஞாபகம் ஊருக்கு வரும். மெஷினோடு மாரடித்தவர்களுக்கு இது சொல்லாமலே விளங்கும். எண்பதுகளில் கல்முனையில் ஒரு சின்ன நைலோன் கயிற்றுப் பட்டறையில் நான் மெஷின்காரன்.

நங்கூரம்

எங்களிடம் கயிறு வாங்கிய மீனவர் மீரான் காக்கா, சாய்ந்தமருதிலிருந்து அது அறுந்த கையோடு வந்தார். கட்டிப்போட்ட அவருடைய தோணி தன்பாட்டில் மிதந்து போய்க் காரைதீவுக் கரையில் ஒதுங்கியிருந்தது. இன்னொரு கயிறு அறுந்தால் மெஷினை விற்றுவிடுவதாக முதலாளி ஹாஜியார் சொல்லிவிட்டார். மெஷின் போனால் நானும் வீட்டோடுதான். மீரான் காக்கா சத்தம் போடவில்லை.

"நங்கூரம் போட்ட இடத்துலதான் கிடக்கு தம்பி, தோணிதான் இல்ல."

குற்றவாளி

மெஷினில் உருக்கும் பிளாஸ்டிக் மணியைச் சந்தேகித்தேன், சூட்டைச் சந்தேகித்தேன், நூலை ஆறவைக்கும் கிணற்றுத் தண்ணீரையும் விடவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் சோற்றுக்குப் போகாமல் நேரே பட்டறைக்கு வந்தேன். நாங்கள் எல்லோரும் பள்ளிவாசலுக்குப் போகும் அந்த நேரத்தில் கணபதி அண்ணன் மட்டும்தான் மெஷினடியில் நிற்பார். நிறுத்தினால் உள்ளே உருகியது இறுகிவிடும். நூலை இழுக்கும் உருளை மெல்ல ஆடி அசைந்து சுற்றியது. அறுந்த கயிற்றில் கண்டதைப் போலவே நூல் பால் மாதிரி வெளிறி வந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வேகமாக இழுத்தால் நூலுக்குள் இருக்கும் இழைகள் நிமிர்ந்து, பக்கம் பக்கமாகச் சேர்ந்து இறுகும். இழுக்காமல் ஆறவிட்டால் சுருண்டபடியே உறைந்துபோகும். கணபதி அண்ணன் தலையைச் சொறிந்தார்.

"தனிய நிக்கிறன் எண்டு ஹாஜியார்தான் இரக்கப்பட்டு மெதுவா ஓடவிடச் சொன்னவர். நூலுக்கு இரக்கம் ஒத்துவராது போல."

கடற்கரைப் பரீட்சை

ஹாஜியார் நம்பவில்லை. இழுக்க இழுக்க எதுவும் அறும், பலக்காது என்பது அவர் கட்சி. வெள்ளிக்கிழமைக் கயிற்றையும் மற்ற நாள் கயிற்றையும் முடிந்து, கரைவலைக்காரரை இரண்டு பக்கமும் நிறுத்தினோம். ஹாஜியார் வீம்புக்கு வெள்ளிக்கிழமைப் பக்கத்தைப் பிடித்தார். ஏலேலோ போட்டு இழுத்ததும் அவர் பக்கத்துக் கயிறுதான் அறுந்தது. வெள்ளைச் சாரனோடு மணலில் பொத்தென்று குந்தியவரைப் பார்த்து முதலில் சிரித்தவர் மீரான் காக்கா. ஹாஜியாரும் சிரித்துவிட்டார். புதுக் கயிறு ஒன்றை மீரான் காக்காவின் தோளில் அவரே போட்டுவிட்டு, கணபதி அண்ணனைத் திரும்பிப் பார்த்தார்.

"துணைக்கு ஒரு ஆளத் தாறன், வெள்ளிக்கிழமையும் வேகமா இழுங்க. இரக்கத்த நான் சாப்பாட்டுல காட்டுறன்."

அதற்குப் பிறகு எங்கள் கயிறு அறுந்ததுமில்லை, ஜும்ஆ முடிந்து நாங்கள் திரும்பும்போது ஹாஜியார் பட்டறைக்கு அனுப்பும் புரியாணிச் சட்டியில் ஓர் இறைச்சித் துண்டு மிஞ்சியிருந்ததுமில்லை.