ஊழியர்கள் தொடர்வார்கள்

என்ன வேலை பார்க்கிறாய் என்று சொந்தக்காரர்கள் கேட்டால் அவளால் ஒரே மூச்சில் பதில் சொல்ல முடிந்ததே இல்லை. எந்தக் கம்பெனி எந்தக் கம்பெனியை வாங்கியது, எது எதனோடு இணைந்தது, யார் யாருக்கு முதலீடு கொடுத்தார்கள் என்று மாதம் முழுக்கத் திரட்டி, அடுத்த மாதம் பிறந்ததும் ஒரு செய்திமடலாக வெளியிடுகிற சின்ன அலுவலகம் அது. தொழில்நுட்பம், ஊடகம், விளம்பரம் என்று மூன்று துறைகள் மட்டும். பல்பொருள் அங்காடிக்கு மேல் மாடியில் இரண்டு அறைகள், ஒரு கண்ணாடிக் கதவு. கீழே பழைய அட்டைப்பெட்டிகளை நசுக்கும் இயந்திரம் ஓடும்போதெல்லாம் மேலே மேசை அதிரும்.

அலுவலகத்தில் அவளுக்கு 'உறுதியக்கா' என்று பெயர். வருகிற அறிக்கையை அப்படியே போட அவளுக்கு மனசு வராது. வாங்கியவரையும் விற்றவரையும் தொலைபேசியில் பிடித்து, "உறுதியா?" என்று கேட்பாள். அவர்கள் ஆமாம் என்றால், "முழுசாவா, ஒரு பங்கு மட்டுமா?" என்பாள். கடைசியாக, "ஊழியர்கள்?" என்பாள். "எல்லாரும் தொடர்வாங்க" என்று பதில் வரும். அதுவரை ஒருவர்கூட வேறு பதில் சொன்னதில்லை. 'ஊழியர்கள் தொடர்வார்கள்' என்று தட்டிவிட்டு அடுத்த அறிக்கைக்குப் போவாள்.

கல்லூரியில் அவள் படித்தது தாவரவியல். யாரோ பிள்ளைப்பேறு விடுப்பில் போன இடத்துக்குத் தற்காலிகமாக வந்தவள். போனவர் திரும்பவில்லை, இவளும் திரும்பவில்லை. இத்தனை வருஷத்தில் ஒரு விஷயம் மட்டும் அவளுக்குப் பிடிபடவே இல்லை. இந்தக் கம்பெனிகள் எதற்காக ஒன்றையொன்று வாங்குகின்றன? செய்தித்தாள் நடத்துகிறவர் மென்பொருள் கம்பெனியை வாங்குவார். மென்பொருள்காரர் விளம்பரக் கம்பெனியை வாங்குவார். விளம்பரக்காரர் போய் ஒரு வானொலியை வாங்கிவிட்டு, ஆறு மாதம் கழித்து அதே செய்தித்தாள்காரரிடம் விற்றுவிடுவார். பூனை தன் வாலைத் துரத்துகிற கதை. அறிக்கையில் மட்டும் எல்லோரும் 'மகிழ்ச்சி' அடைவார்கள்.

இதைக் கேட்டால் மடலின் உரிமையாளர், எல்லோரும் 'ஆசிரியர்' என்று கூப்பிடுகிறவர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, காரணம் கேட்பது நம் வேலை இல்லை என்பார். வரைபடங்களும் கட்டங்களும் போடுகிறவருக்கு 'அட்டவணை அண்ணன்' என்று பெயர். அவருக்கு வேறு கவலை. கைபேசி விளையாட்டுக்குள் விளம்பரம் விற்கிற கம்பெனியை எந்தத் துறையில் சேர்ப்பது? மாதா மாதம் இந்த ஒரு சண்டை உண்டு. முடிவில் எந்தக் கட்டத்தில் இடம் காலியாக இருக்கிறதோ அதில் தள்ளிவிடுவார்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், சாப்பிட்ட கை காயும் முன்னே, ஓர் அறிக்கை மின்னஞ்சலில் வந்தது. கடைகளின் விளம்பரங்களைக் கணினியே எழுதித் தரும்படி மென்பொருள் செய்கிற பெரிய கம்பெனி ஒன்று, தகவல் சேவை நிறுவனம் ஒன்றை வாங்குகிறதாம். விற்கப்படுகிற நிறுவனத்தின் பெயரை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. முன்பு ஒருதரம் இதைப் பற்றி எழுதியிருக்கிறோமோ என்று பழைய மடல்களில் தேடினாள். இல்லை. தொடர்புக்கு என்று கொடுத்திருந்த எண்ணும் புதிது. சரி, கேட்டுவிடுவோம் என்று சுழற்றினாள்.

மணி அடித்தது. அவள் காதில் மட்டுமல்ல, கண்ணாடிக் கதவுக்குப் பின்னாலும் ஏதோ ஒரு கைபேசி அலறியது. நல்ல நேரம் பார்த்தது என்று எரிச்சலோடு மறு காதைப் பொத்திக்கொண்டாள். யாரோ எடுத்து "ஹலோ" என்றார்கள். அந்த ஹலோ பொத்திய காதிலும் கேட்டது.

அப்போதுதான் அவளுக்குப் பொறி தட்டியது. மடலின் பெயர் ஒன்று, கம்பெனியின் பதிவுப் பெயர் வேறொன்று. அந்தப் பெயரை அவள் பார்த்திருந்தது சம்பளச் சீட்டின் மூலையில். திரும்பிப் பார்த்தாள். ஆசிரியர் கைபேசியைக் காதில் வைத்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். வைத்துவிடலாம் என்று நினைத்தாள். ஆனால் பழகிய வாய் நிற்கவில்லை.

"வணக்கம், மாத மடல்ல இருந்து பேசறேன். உங்க நிறுவனம் கைமாறுதுன்னு ஓர் அறிக்கை வந்திருக்கு. உறுதியா?"

ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "உறுதிதான்" என்றார்.

"முழுசாவா, ஒரு பங்கு மட்டுமா?"

"முழுசா."

"ஊழியர்கள்?"

"எல்லாரும் தொடர்வாங்க."

"அதை உங்க பேர்ல போட்டுக்கலாமா?"

"போட்டுக்குங்க."

என்றைக்கும் 'வாம்மா, போம்மா' என்று பேசுகிற மனிதர் அன்றைக்குத்தான் முதல்முறையாக அவளுக்கு மரியாதை கொடுத்துப் பேசினார்.  நன்றி சொல்லி வைத்தாள். பக்கத்தில் அட்டவணை அண்ணன் ஒன்றும் அறியாதவராக, இதை எந்தக் கட்டத்தில் போடுவது என்று கேட்டார்.

வாங்குகிற கம்பெனியின் ஆட்கள் அறிக்கையை மூன்று நாள் முந்தி அனுப்பிவிட்டார்களாம். திங்கள்கிழமை கேக் வெட்டி, உட்காரவைத்து, நல்லபடியாகச் சொல்ல இருந்தேன் என்று ஆசிரியர் வெளியே வந்து நின்றபடியே சொன்னார். கேக்குக்கு முன்பணம்கூடக் கொடுத்தாயிற்று என்றார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை, வயதாகிறது, மடலைத் தனியாகத் தூக்கிச் சுமக்க முடியவில்லை. எல்லாம் நியாயமாகத்தான் இருந்தது. இருந்தும் அவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஊரார் சமாசாரத்தையெல்லாம் சரிபார்த்தவளுக்குச் சொந்த வீட்டுச் சமாசாரம் தபாலில் வருவதா?

வீட்டில் கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, பிறர் கையில் உயிரைக் கொடுத்துவிட்டு நிதானமாக இருந்து பழகியவர். நடந்ததைக் கேட்டதும், "நாளைக்கு வேலைக்குப் போகணுமா, வேண்டாமா?" என்றார். போகணும் என்றாள். "அப்ப போ. மீதியை அப்புறம் பாத்துக்கலாம்."

வீட்டு மாடியில் தையல் கடை வைத்திருக்கிற நாத்தனார் அத்தோடு விடவில்லை. இஞ்ச் டேப்பைக் கழுத்தில் போட்டபடி இறங்கி வந்தவள், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு விசாரித்தாள்.

"ஆபீஸை வித்துட்டாங்கன்னா, உங்களையும் சேத்தா அண்ணி?"

அந்தக் கேள்வி அவளை அப்படியே நிறுத்திவிட்டது. மேசையை விற்றிருக்கிறார்கள், கணினியை விற்றிருக்கிறார்கள், மடலின் பெயரை விற்றிருக்கிறார்கள். அவளை? ஆள் இல்லாமல் மடல் ஏது? ஆனால் ஆளை விற்க முடியுமா? அப்படியானால் அவர்கள் வாங்கியதுதான் என்ன?

"தெரியலையேம்மா" என்றாள்.

"அப்ப உங்களுக்கு இனிமே ரெண்டு புகுந்த வீடு" என்று நாத்தனார் தீர்ப்புச் சொல்லிவிட்டு மாடியேறிப் போனாள். கணவர் சிரித்தார். அவளும் சிரித்தாள்.

அந்த மாத மடலில் தங்கள் விற்பனையையும் போட வேண்டியிருந்தது. மற்றவர்களைப் பற்றி எழுதுகிற மாதிரியே எழுது என்றார் ஆசிரியர். தன்னைப் பற்றியே மூன்றாம் மனுஷி மாதிரி எழுதுவது என்பது தன் முதுகைத் தானே சொறிகிற வேலை. கடைசி வரிக்கு வந்ததும் கை நின்றது. எத்தனையோ கம்பெனிகளுக்கு இந்த வரியை எழுதியிருக்கிறாள். தொடர்ந்தார்களா என்று ஒருவரையாவது திரும்பக் கூப்பிட்டுக் கேட்டாளா? அடுத்த மாதம் அடுத்த மாதக் கதை. 'ஊழியர்கள் தொடர்வார்கள் என்று உரிமையாளர் தெரிவித்தார்' என்று எழுதி, 'என்று' என்ற சொல்லைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அட்டவணை அண்ணன் அந்தச் செய்தியை மூன்று கட்டங்களிலும் போட்டுவிட்டார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

அவர்களை இடம் மாற்றிய புதிய கட்டடம் நகரத்தின் மறு கோடியில் இருந்தது. எல்லாத் தளமும் ஒரே மாதிரி. அதே சாம்பல் தரைவிரிப்பு, அதே கண்ணாடி, அதே செடி. செடி பிளாஸ்டிக் என்பதை மட்டும் அவள் படித்த படிப்பு சொல்லிக்கொடுத்தது. யாருக்கும் சொந்த மேசை கிடையாது. முதலில் வருகிறவர் பிடித்த இடம். அவளுக்கு மூன்று மேலாளர்கள் வாய்த்தார்கள். ஒருவர் மடலை வாரா வாரம் வெளியிட வேண்டும் என்றார். இன்னொருவர் மடலே வேண்டாம், காணொளி போதும் என்றார். மூன்றாமவரை அவள் திரையில் மட்டுமே பார்த்தாள். பேசும்போது அவருடைய ஒலி வராது, அதை அவரிடம் சொல்லவும் ஒருவரும் துணியவில்லை. தலையாட்டினாள். எதற்குத் தலையாட்டினோம் என்று பிறகு கவலைப்பட்டாள்.

அட்டவணை அண்ணனின் கதைதான் விசித்திரம். ஒரே நாள் காலையில் அவருக்கு இரண்டு மின்னஞ்சல்கள் வந்தன. ஒன்று, எங்கள் குடும்பத்துக்கு வரவேற்கிறோம் என்றது. மற்றது, இதுவரை செய்த பணிக்கு நன்றி, உங்கள் எதிர்காலத்துக்கு வாழ்த்துகள் என்றது. எது முந்தியது, எது பிந்தியது என்று இரண்டையும் வைத்துக்கொண்டு அவர் தளம் தளமாக ஏறி இறங்கினார். விசாரித்த இடத்திலெல்லாம் அன்பாகப் பேசினார்கள். பதில் மட்டும் இல்லை. ஒரு வாரம் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு அவருடைய அடையாள அட்டைக்கு வாசல் கதவு திறக்கவில்லை. கதவே பதில் சொல்லிவிட்டது.

அவள் கீழே இறங்கிப் போனபோது வாசலுக்கு வெளியே நின்றிருந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் இவள்.

"நீங்க போய் வேலையைப் பாருங்க. என்னை யாரும் திட்டலை, ஒண்ணும் பண்ணலை. எனக்குக் கோபமா வரணுமா, அழுகையா வரணுமான்னுதான் தெரியலை" என்றார்.

அவள் வெளியே போய் அவரோடு பேருந்து வரும்வரை நின்றுவிட்டு வந்தாள். பிறகு அவருக்கு ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு வேலை கிடைத்தது. அங்கே வலி மட்டும்தான் வருகிறது, அதனால் குழப்பம் இல்லை என்று அவள் கணவரிடம் தொலைபேசியில் சொன்னாராம்.

ஆசிரியருக்கு இரண்டு வருஷம் அங்கேயே இருக்க வேண்டும் என்று ஒப்பந்தம். அவளுக்கு இரண்டு இருக்கை தள்ளி உட்காருவார். ஒருநாள் மெதுவாக அருகில் வந்து, குரலைத் தாழ்த்தி, லீவு எப்படிப் போடுவது என்று கேட்டார். அக்காள் மகள் வீட்டு விசேஷமாம். கணினியில் எந்த இடத்தில் போய்க் கேட்பது என்று தெரியவில்லை. அவள் காட்டிக்கொடுத்தாள். யாரிடம் அனுமதி என்ற கட்டத்தில் அவருடைய மேலாளர் பெயர் வர வேண்டும். ஏதோ பிசகில் அவள் பெயர் வந்து நின்றது. இருவரும் திரையைப் பார்த்தார்கள்.

"குடுப்பியாம்மா?" என்றார்.

ஒருகாலத்தில் தன் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று லீவு கேட்டு அவர் கதவுக்கு வெளியே தான் நின்றது அவளுக்கு நினைவுக்கு வந்தது. சிரிப்பதா, கூசுவதா என்று புரியாமல் பொத்தானை அழுத்தினாள். அவர் மேலும் கொஞ்ச நேரம் நின்றார். தப்புப் பண்ணிட்டேனோ என்று கேட்க வந்தவர் மாதிரி இருந்தது. கேட்கவில்லை. தன் இருக்கைக்குத் திரும்பிப் போனார்.

ஒப்பந்தம் முடிவதற்குள் அந்தப் பெரிய கம்பெனியே இன்னொரு ஊடகக் குழுமத்தோடு இணைந்தது. வாசலில் பெயர்ப்பலகை மாறியது. மாத மடலை நிறுத்திவிட்டார்கள். குழுமமே மடலுக்குச் செய்தி ஆகிவிட்ட பிறகு, தன்னைப் பற்றித் தானே எழுதுவது சரியில்லை என்றார்கள். அது ஒன்றுதான் அவளுக்குப் புரிந்த காரணம். ஆசிரியர் நாள் வந்ததும் ஓசையில்லாமல் கிளம்பிப் போனார். அவளைப் போகச் சொல்லவில்லை. புதிதாக வாங்கப்பட்ட கம்பெனிகளின் ஆட்களை வரவேற்று இடம் காட்டும் குழுவில் போட்டார்கள்.

முதல் நாள் ஒரு சின்ன நிறுவனத்தின் ஆட்கள் வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பையை மடியில் வைத்தபடி, மருத்துவமனையில் பெயர் கூப்பிடக் காத்திருக்கிறவர்கள் மாதிரி. அவள் கையில் வரவேற்புரை தயாராக இருந்தது. வாசிக்க வாயெடுத்தபோது முன்வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்றாள்.

"மேடம், நாங்க இங்க என்ன செய்யணும்?"

உரையில் அதற்கு வரி இல்லை. அவள் தாளை மடித்தாள்.

"எனக்கும் சரியாத் தெரியாதும்மா. நான் வந்து ரெண்டு வருஷம் ஆச்சு. கேன்டீன் எங்க இருக்குன்னு தெரியும், வாங்க. முதல்ல ஏதாவது குடிக்கலாம்."

எல்லோரும் எழுந்து அவள் பின்னால் நடந்தார்கள். ஒரு தளம் ஏறி, வலப்பக்கம் திரும்பி, கண்ணாடிக் கதவைத் தள்ளினால் உள்ளே வரிசையாக நாற்காலிகளும் சுவரில் ஒரு வெள்ளைத் திரையும் இருந்தன. கேன்டீனை அந்த வாரம்தான் வேறு தளத்துக்கு மாற்றியிருந்தார்களாம். எந்தத் தளம் என்று அங்கே இருந்தவருக்கும் தெரியவில்லை. திரும்பினார்கள். படியிறங்கி, நடைவழி முடிந்து, ஒரு கனமான கதவைத் திறந்தால் வண்டி நிறுத்துமிடம். வெயிலில் கண் கூசியது. பின்னால் யாரோ சிரித்தார்கள், இன்னொருவரும் சிரித்தார். அந்தப் பெண் அவள் பக்கத்தில் வந்து, அதோ எதிரில் ஒரு டீக்கடை தெரிகிறது என்று கை காட்டினாள்.

அவள் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, அவர்களைக் கூட்டிக்கொண்டு சாலையைக் கடந்தாள்.