பீரங்கிக் குழாயும் பட்டாளத்து மீசையும்

நான் கைநாட்டுதான். நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள், என் பேச்சுக்குக் கொஞ்சம் தலைசீவிவிட்டு.

என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் டாங்கி ஓட்டியவர். பென்ஷனோடு ஒத்தக்கடைக்கு வந்த பிறகு, சிங்கப்பூரில் இருந்த என் தம்பி அவருக்கு ஒரு பெட்டி கொண்டுவந்து கொடுத்தான். எனக்கு ஒரு நைலக்ஸ் சேலை. அது மூன்றாவது துவைப்பிலேயே சாயம் விட்டது, அதை விடுங்கள். பெட்டிக்குள் துண்டு துண்டாக ஒரு பிளாஸ்டிக் டாங்கி. ஒட்டி முடித்தால் ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூட வரும்.

இவர் ஓட்டிய அதே ரகம்தான். ஆனால் பெட்டியில் வந்த பீரங்கிக் குழாய் மொழுமொழுவென்று இருந்தது. நிஜ டாங்கியில், சுட்ட புகை உள்ளே திரும்பாமல் இருக்க, குழாயில் ஓரிடம் பீப்பாய் மாதிரி வீங்கியிருக்குமாம். அந்த வீக்கம் இல்லாமல் இது தன் டாங்கியே இல்லை என்று உட்கார்ந்துவிட்டார்.

அப்புறம் என் வீட்டில் ஒரு சாமான் தங்கவில்லை. கொண்டை ஊசிகள் டாங்கிக்குக் கொக்கியாகின. சோப்பு டப்பா மூடி தகடாகிவிட்டது. வீக்கத்துக்குப் பேனா மூடி ஒன்றை அறுத்து, உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்து உருட்டினார். குழாயின் வாய்க்குப் பக்கத்தில் ஒட்டினார்.

பட்டாளத்தில் இவர் ஓட்டிய டாங்கிக்குள் உட்கார்ந்து சுட்டவர் கோரிப்பாளையத்து அண்ணன். என்னைத் தங்கச்சி என்பார், அதனால் இவர் அவருக்கு மாப்பிள்ளை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வந்து பார்த்தார்.

"மாப்ள, வீக்கம் நடுவுலதான இருந்துச்சு."

"உள்ள உக்காந்து சுட்ட ஆளுக்கு வெளிய என்ன மச்சான் தெரியும்? நான் தெனம் பாத்தவன்."

"நீ ரோட்டப் பாத்து ஓட்டுனியா, குழாயப் பாத்து ஓட்டுனியா? அதான் அன்னைக்குப் பள்ளத்துல விட்ட."

இவருக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. தான் சொன்னது தப்பென்றால் மீசையை எடுத்துவிடுவதாகச் சொன்னார். அண்ணன் தோற்றால் எங்கள் வீட்டுக்கு ஒரு அண்டா பிரியாணி. அந்த மீசையை அவர் காலையில் காப்பிக்கு முன்னால் சீவுவார், ராத்திரி எண்ணெய் போடுவார். என்னை ஒரு நாளும் அப்படி விசாரித்ததில்லை.

சாட்சிக்கு டாங்கி முன்னால் எடுத்த பழைய போட்டோவைக் கொண்டுவந்தார். அந்த டாங்கிக்காரர்கள் நால்வரும் குந்தியிருக்கிறார்கள். குழாயையோ, காயப்போட்ட துணி மூடிக் கிடக்கிறது. இரண்டு பேரும் மாற்றி மாற்றிப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்கள். நான் டீயை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தேன்.

"நடுவுல கெடக்குறது போர்வையாங்க?"

"ஆமா, என் போர்வைதான். உனக்கு என்ன புரியும், போ."

"ஈரப் போர்வை ஒட்டிக்கிட்டுக் கெடக்கு. நடுவுல மட்டும் மேடா ஏறி எறங்குது பாருங்க, அடியில சட்டியக் கவுத்த மாதிரி. வாயிக்கிட்ட பனியன் சப்புன்னு கெடக்கு. அங்க வீக்கம் எங்கிட்டு இருக்கு?"

சொல்லி முடித்த பிறகுதான் அவர் கை மீசைக்குப் போனதைக் கவனித்தேன்.

"போர்வையில முடிச்சுப் போட்டிருப்பேன்," என்றார்.

"காயப்போடுற துணியில எவன் முடிச்சுப் போடுவான்?" என்றேன். துணி விஷயத்தில் எனக்குப் பொய் வராது.

அண்ணன் டீயை ஒரு மடக்குக் குடித்தார். "தங்கச்சி, ஒரு பிளேட எடு. மாப்ளக்கு வேல இருக்கு."

இவர் அதை வாங்கி, முதலில் பேனா மூடியைப் பேர்த்து நடுவில் ஒட்டினார். காயும்வரை பிடித்துக்கொண்டே இருந்தார். காய்ந்த பிறகும் பிடித்திருந்தார். அப்புறம் புது பிளேடும் கண்ணாடியுமாகக் கொல்லைப்பக்கம் போனார்.

திரும்பி வந்தபோது என் நாத்தனார்தான் வேட்டி கட்டி வருகிறாளோ என்று நினைத்தேன். கல்யாணமான நாளிலிருந்து அந்த மேலுதட்டை நான் பார்த்ததே இல்லை. அண்ணன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

"எப்புடி இருக்கு?" என்றார் என்னிடம், துக்க வீட்டில் கேட்கிற மாதிரி.

"டாங்கி நல்லா இருக்குங்க," என்றேன்.